ராத்திரில எழுதுன ப்ளகின் யாருக்குச் சொந்தம்? முதலாளி கேஸ் போடுவேங்கறார்

மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதிருக்கார். பேரு, ஊரு, ஆபீஸ் பேரு எதையும் இங்க போடல, ரெண்டு மூணு விவரத்தை ஆள் தெரியாத மாதிரி மாத்தியும் இருக்கேன். கடிதம் 7 பக்கம், கூடவே ஒரு கோட் ஃபைலையும் அனுப்பிருந்தார், நல்லவேளை அனுப்புனார், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

சிவில் டிப்ளமோ முடிச்சிட்டு ஒரு தனியார் சர்வே ஆபீஸ்ல 4 வருஷமா ஜிஐஎஸ் ஆபரேட்டரா, அதாவது கம்ப்யூட்டர்ல வரைபடம் போடறவரா இருக்கார். பழைய எஃப்எம்பி, அதாங்க நிலத்தோட எல்லை அளவு இருக்கற புலப்படம், அதைப் பாத்து க்யூஜிஐஎஸ்ங்கற வரைபட சாஃப்ட்வேர்ல கையால வரையறதுதான் தினப்படி வேலை. ஜி லைன்ங்கற அடிக்கோடு இவ்வளவு நீளம், அதுல இத்தனையாவது மீட்டர்ல இடது கைப்பக்கம் இவ்வளவு தள்ளி ஒரு கல்லு, இன்னும் கொஞ்சம் போனா வலது பக்கம் ஒரு கல்லுன்னு லேடர்ங்கற அளவுப் பட்டியல்ல இருக்கற ஒவ்வொரு எண்ணையும் பாத்துப் பாத்து புள்ளி வைக்கணும். ஒரு புலத்துக்கு அரை மணி நேரம் போயிரும். இவருக்கு கண்ணு நோவு வந்ததுதான் மிச்சம். அதனால ராத்திரி வீட்ல உக்காந்து யூட்யூப் பாத்து பைத்தான் கத்துக்கிட்டு, 8 மாசத்துல ஒரு ப்ளகின், அதாவது க்யூஜிஐஎஸ்குள்ள சேந்து ஓடற ஒரு குட்டி புரோகிராம், எழுதிட்டார். லேடர் எண்களை ஒரு டேபிள்ல டைப் அடிச்சா போதும், அதுவே எல்லையை வரைஞ்சு, பரப்பை ஏர்ஸ்லயும் சென்ட்லயும் காட்டி, புலப்படத்துல போட்ருக்கற பரப்போட ஒத்துப்போகுதான்னும் சொல்லுது. அரை மணி நேர வேலை 4 நிமிஷத்துல முடியுது.

முதலாளி பாத்தார், சந்தோஷப்பட்டார், ஆபீஸ்ல 6 சிஸ்டத்துலயும் போடச் சொன்னார். அதுக்கப்புறம் திண்டுக்கல்ல ஒரு கிளையன்ட்டுக்கும் பணம் வாங்கிட்டுப் போட்டுக் குடுத்ததா இவர் கேள்விப்பட்டிருக்கார். அப்பயும் இவர் ஒண்ணும் கேக்கல. போன மாசம், "இதை என் பேர்ல க்யூஜிஐஎஸ் ப்ளகின் லிஸ்ட்ல போடப் போறேன் சார், எல்லாரும் யூஸ் பண்ணட்டும்"னு சொன்னதும்தான் வினை. இது கம்பெனி சொத்து, வெளிய விட்டா கேஸ், ரிலீவிங் லெட்டரும் கிடையாதுன்னு கத்திருக்கார்.

இப்ப அவர் கேக்கறது: எங்க வீட்ல, என் லேப்டாப்ல எழுதுனது எனக்குத்தானே சொந்தம்? பதிவு பண்ணாததால உரிமை போயிருச்சா? ஜிபிஎல், அதாவது யாரும் எடுத்து மாத்தலாம், பரப்பலாம்ங்கற லைசென்ஸ், அதைப் போட்டு விட்டுட்டா முதலாளி அதை விக்க முடியாதுல்ல? நானும் காசு பாக்க முடியாதா? பேடன்ட் எடுக்கலாமா? யாராவது இதை வச்சு பரப்பு கணக்குப் போட்டு தப்பாப் போனா என்னைப் பிடிப்பாங்களா? கடைசியா ஒண்ணு, "கோவத்துல இருக்கேன் மேடம், ஆபீஸ் சிஸ்டம்ல இருக்கறதை எல்லாம் அழிச்சுட்டு வந்துரலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். கூடாது. கையை வைக்காதீங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கறதை அனுமதி இல்லாம அழிக்கறது, வேலை செய்யாம பண்றது, ஒரு தேதிக்கு மேல தானா நின்னு போற மாதிரி கோட்ல வேலை காட்டறது, இதெல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுக்குள்ள வந்துரும், 66-ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. இன்னைக்கு நியாயம் பெரும்பாலும் உங்க பக்கம். அழிச்சீங்கன்னா நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷன்ல நீங்கதான் எதிரி.

யாருக்குச் சொந்தம்

கோடுக்கு பதிப்புரிமைச் சட்டம் 1957 தான். அதுல 2(ஓ) பிரிவுல கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்புன்னே சேத்து வச்சிருக்காங்க, கதை கவிதை இருக்கற அதே பெட்டிலதான் உங்க பைத்தானும் இருக்கு. எழுதுன நிமிஷமே உரிமை பொறந்துரும், பதிவு கட்டாயம் இல்ல. அந்தக் கவலைய விடுங்க. பேடன்டையும் விட்ருங்க, புரோகிராமை வெறும் புரோகிராமா வச்சு பேடன்ட் குடுக்கறதில்லன்னு பேடன்ட் சட்டம் 3(கே)ல தெளிவா இருக்கு, அதுக்கு யாராவது உங்ககிட்ட ஃபீஸ் கேட்டா ஓடி வந்துருங்க.

ஆனா "என் லேப்டாப், என் வீடு, என் ராத்திரி, அதனால எனக்கு"ன்னு நீங்க எழுதிருக்கறது முழுசா சரியில்ல. பதிப்புரிமைச் சட்டம் 17(சி) என்ன சொல்லுதுன்னா, சம்பளத்துக்கு வேலை பாக்கறவர் அந்த வேலையோட போக்குல உருவாக்கறதுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி, முதல் உரிமையாளர் முதலாளிதான். இங்க கேள்வி கடிகாரத்துல மணி என்னங்கறது இல்ல, லேப்டாப் யாரோடதுங்கறது மட்டும் இல்ல, இது உங்க வேலையோட பகுதியாங்கறதுதான். டீச்சர் ராத்திரி வீட்ல உக்காந்து கொஸ்டின் பேப்பர் எடுத்தா அது ஸ்கூல் வேலை, அதே டீச்சர் அதே மேஜைல சிறுகதை எழுதுனா அது அவங்களுது. உங்க ப்ளகின் இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது.

உங்க பக்கம் என்ன இருக்கு? உங்களை எடுத்தது ஆபரேட்டரா, கோட் எழுதறவரா இல்ல. எழுதச் சொல்லி யாரும் சொல்லல. 8 மாசமும் சொந்த நேரம், சொந்த மெஷின். ஒரு பக்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல இதைப் பத்தி ஒரு வரி கிடையாது. அவங்க பக்கம் என்ன இருக்கு? ப்ளகின் செய்யறது நீங்க சம்பளம் வாங்கிட்டுச் செய்யற அதே வேலைய. டெஸ்ட் பண்ணதெல்லாம் ஆபீஸ் புலப்படத்துல. அப்புறம் உங்க கடிதத்துல 5-ம் பக்கத்துல போற போக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போயிட்டீங்க, மேனேஜர் வாட்ஸ்அப்ல "அந்த லிங்க்ஸ் பிரச்சனைய இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிக் குடு"ன்னு (லிங்க்ஸ்னா பழைய சங்கிலி அளவு) அனுப்புனதும், நீங்க ரெண்டு வாரம் ஆபீஸ்லயே உக்காந்து சரி பண்ணதும். அந்த ரெண்டு வார வேலை கம்பெனிக்குத்தான்னு எதிர்த்தரப்பு வக்கீல் அழுத்தமாச் சொல்லுவார், நான் அந்தப் பக்கம் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.

என் கணிப்பு, முதல்ல வீட்ல முடிச்ச வெர்ஷன் உங்களுது. ஆபீஸ்ல பண்ண திருத்தங்கள் இழுபறி. ஒரே ஃபைல்குள்ள ரெண்டும் பின்னிக் கிடக்கறதால அங்கிட்டும் போக முடியாம இங்கிட்டும் போக முடியாம நிக்கறீங்க.

அதனால ஆதாரத்தைப் பத்திரம் பண்ணுங்க. கிட்ல, அதாவது கோட்ல பண்ற மாத்தத்தைப் பதிஞ்சு வைக்கற கருவில, 5-ம் மாசத்துல இருந்துதான் போட்டேன்னு வருத்தப்பட்ருக்கீங்க, பரவால்ல, ஒவ்வொரு கமிட்லயும், அதாவது ஒவ்வொரு பதிவுலயும், தேதியும் நேரமும் இருக்கு, ராத்திரி 11.40, ஞாயித்துக்கிழமைன்னு வரிசையா இருந்தா அதுவே பேசும். அதுக்கு முந்துனது கூகுள் டிரைவ்ல ஜிப்பாக் கிடக்குன்னீங்க, அதைத் தொடாதீங்க, திறந்து திரும்ப சேவ் பண்ணி தேதியைக் கெடுத்துறாதீங்க. கோர்ட்டுக்குப் போற நிலைமை வந்தா மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம்ங்கற புது சாட்சியச் சட்டத்தோட 63-ம் பிரிவுல சான்றிதழ் குடுக்கணும், 2024 ஜூலைக்கு முன்ன நாங்க 65பி-ன்னு சொல்லிட்டு இருந்ததுதான், இப்ப அதுல ஃபைலோட ஹாஷ் மதிப்பும், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்ணும், எழுதணும். நீங்க கோட் எழுதற ஆளு, ஹாஷ்னா என்னன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

அந்த ஃபைலோட முதல் 30 வரி

இப்ப அந்த அட்டாச்மென்ட். எங்க அக்கா மகன் ஜிஐஎஸ்ல இருக்கான், அவனை உக்கார வச்சு ரெண்டு பேரும் பாத்தோம். கோட் எனக்குப் புரியல, ஆனா மேல ஸ்டார் ஸ்டாரா கட்டம் கட்டி ஒரு தலைப்பு இருக்கு பாருங்க, அதைப் படிச்சதும் நிமிந்து உக்காந்துட்டேன். காப்பிரைட்னு போட்டு வருஷம், அதுக்குப் பக்கத்துல உங்க ஆபீஸ் பேரு. அதுக்குக் கீழ இன்னொரு கட்டம், இந்தப் புரோகிராம் ஃப்ரீ சாஃப்ட்வேர், ஜிஎன்யூ ஜெனரல் பப்ளிக் லைசென்ஸ் 2-ம் பதிப்போ அதுக்குப் பிந்துனதோ அதன்படி நீங்க பரப்பலாம், மாத்தலாம்னு இருக்கு.

இது நீங்க யோசிச்சுப் போட்டது இல்லன்னு தெரியும். ப்ளகின் பில்டர்ங்கற கருவிய வச்சு ஆரம்பிச்சிருக்கீங்க. 2002-ல க்யூஜிஐஎஸ்ஸை ஆரம்பிச்ச கேரி ஷெர்மனே எழுதுன கருவி அது. ஆரம்பத்துல ஒரு ஃபாரம் வரும், அதுல எழுதுனவர் அல்லது கம்பெனின்னு ஒரே கட்டம், நீங்க அப்ப இருந்த சந்தோஷத்துல ஆபீஸ் பேரைத் தட்டிட்டீங்க. அது எல்லா ஃபைலோட தலையிலயும் ஏறி உக்காந்துருச்சு, கூடவே ஜிபிஎல் வாசகமும் தானா வந்துருச்சு.

இதுல ஒரு கெட்டது, ஒரு நல்லது. கெட்டது, வெளியிட்ட பிரதில யார் பேரு போட்ருக்கோ, மறுத்து நிரூபிக்கற வரைக்கும் அவங்கதான்னு எடுத்துக்க பதிப்புரிமைச் சட்டம் 55(2)ல இடம் இருக்கு. முதலாளி அதைக் காட்டுவார். நல்லது என்னன்னா, அதே தலைப்போடதான் அவர் திண்டுக்கல் கிளையன்ட்டுக்குக் குடுத்திருக்கார். பைத்தான் ஃபைலு, திறந்தாத் தெரியும். கொஞ்சம் பொறுமையா யோசிச்சுப் பாருங்க. கோட் உங்களுதுன்னா வெளிய விட உங்களுக்கு அவர் அனுமதி தேவையில்ல. கோட் கம்பெனியோடதுன்னு அவர் சாதிச்சார்னா, அப்ப கம்பெனியே ஜிபிஎல்ல வெளிய குடுத்துருச்சுன்னு ஆகுது, வாங்குன கிளையன்ட் அதை யாருக்கு வேணா பிரதி குடுக்கலாம். எப்படிப் போனாலும் "இதை யாருமே வெளிய விட முடியாது"ங்கற அவரோட வாதம் வலுவா நிக்காது.

இதைப் படிச்சதும் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிறாதீங்க. நீங்க இன்னும் அங்க வேலைல இருக்கீங்க, முதலாளியோட கிளையன்ட்டை அவருக்குத் தெரியாமப் போய்ப் பாக்கறது உங்க மேலயே திரும்பும். இது பேச்சுவார்த்தைல கைல இருக்க வேண்டிய துருப்புச்சீட்டு, முதல் நாளே மேஜைல போடற சீட்டு இல்ல. இன்னொண்ணு, இப்ப போய் அந்தத் தலைப்புல ஆபீஸ் பேரை அழிச்சு உங்க பேரைப் போடறதும் வேண்டாம். கிட்ல மாத்துன தேதி நிக்கும், சண்டை வந்தப்பறம் மாத்துனார்னு ஒரே வரில உங்க நம்பகத்தன்மைய முடிச்சிருவாங்க.

ஜிபிஎல் பத்தி நீங்க நினைக்கறது

ரெண்டு மூணு இடத்துல தப்பாப் புரிஞ்சு வச்சிருக்கீங்க, உங்களை மட்டும் சொல்லல, வர்றவங்க நிறைய பேரு இப்படித்தான்.

ஜிபிஎல் போட்டா உரிமை போயிராது. பதிப்புரிமை உங்ககிட்டயே இருக்கும், அதை வச்சுத்தான் அந்த லைசென்ஸே நிக்குது. இலவசமாத்தான் குடுக்கணும்னும் இல்ல. 500 ரூபாய்க்கு விக்கலாம், 50,000 ரூபாய்க்கும் விக்கலாம். ஆனா வாங்குனவருக்கு சோர்ஸ் கோட் குடுக்கணும், அவர் அதை அடுத்தவருக்கு சும்மா குடுத்தா நீங்க தடுக்க முடியாது. அதே மாதிரி, முதலாளி விக்கறதையும் ஜிபிஎல் தடுக்காது. உங்க பேரை எடுக்காம, அதே லைசென்ஸோட, சோர்ஸோட குடுத்தார்னா தாராளமா விக்கலாம். அவரை முடக்கறதுக்கு ஜிபிஎல் போடப் போறேன்னா அது நடக்காது.

வேற லைசென்ஸ் போட்டு மூடி வச்சுக்கலாமான்னு கேட்டா, க்யூஜிஐஎஸ்ஸே ஜிபிஎல் 2 அல்லது அதுக்குப் பிந்துனது, நீங்க அதோட உள்பகுதிகளைக் கூப்பிட்டு அதுக்குள்ளயே ஓடற ப்ளகின், அதனால ப்ளகினும் அந்த லைசென்ஸுக்கு ஒத்ததா இருக்கணும்ங்கறது அந்தத் திட்டத்தோட நிலைப்பாடு, அவங்க லிஸ்ட்ல சேக்கறதுக்கு அது விதியும் கூட. தவிர நீங்களே சொல்லிருக்கீங்க, வேற ஒரு ஜிபிஎல் ப்ளகின்ல இருந்து ரெண்டு ஃபங்ஷனை அப்படியே எடுத்துப் போட்ருக்கேன்னு. அப்ப முடிஞ்சுது கதை. அவங்க காப்பிரைட் வரியை அந்த இடத்துல அப்படியே வைங்க, எங்க இருந்து எடுத்தீங்க, என்ன மாத்துனீங்கன்னு எழுதுங்க. இது கம்பெனிக்கும் பொருந்தும். ஆபீஸ்குள்ள 6 சிஸ்டத்துல ஓட்டுற வரைக்கும் பிரச்சனை இல்ல, வெளிய ஒருத்தருக்குக் குடுத்தா அவங்களும் அதை மூட முடியாது.

ஐகானும் செட்டிங்ஸ் டயலாகும் போட்டுக் குடுத்த காலேஜ் ஃப்ரெண்ட் விஷயம் சின்னதுன்னு நினைக்காதீங்க. "மச்சான் நீயே வச்சுக்கடா"ன்னு சொன்னது செல்லாது, உரிமை மாத்தறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், பிரிவு 19. முழுசா எழுதி வாங்க வேண்டாம், நான் செஞ்சதை இதே ஜிபிஎல்ல வெளியிடச் சம்மதம்னு ஒரு மெயில் வாங்கி வைங்க, போதும். ஏஐகிட்ட கேட்டு வாங்குன பகுதிகளை ஒரு தடவை வரி வரியாப் பாருங்க, எங்கயாவது வேற யாரோ எழுதுனதை அப்படியே துப்பிருக்கான்னு.

எல்லாத்துக்கும் மேல, உரிமையாளர் இல்லாதவர் குடுக்கற லைசென்ஸுக்கு மதிப்பு இல்ல. அதோட ஒருதடவை வெளிய விட்டா எடுத்தவங்ககிட்ட இருந்து திரும்ப வாங்க முடியாது. அதனால உரிமை தீராம அப்லோட் பட்டன் பக்கம் போகாதீங்க, இந்த வாரம் போட்டே ஆகணும்னு ஒண்ணும் இல்ல.

உங்க முன்னாடி மூணு வழி

முதல் வழி, எழுதி வாங்கறது. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. கோவம் தணியட்டும், ஒரு ரெண்டு வாரம் விட்டு, ஆபீஸ்ல கூட்டம் இல்லாத நேரமாப் பாத்துப் போய்ப் பேசுங்க. அவருக்கு என்ன பயம்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், பக்கத்து சர்வே ஆபீஸ்காரன் இதே வேகத்துக்கு வந்துருவானோங்கறதுதான். அது நியாயமான பயம்தான். அதுக்கு நீங்க ஏதாவது குடுக்கலாம், ஆறு மாசம் கழிச்சு வெளியிடறேன், அதுவரைக்கும் உங்க ஆபீஸ்ல மட்டும் ஓடட்டும், புது வெர்ஷன் எப்பவும் உங்களுக்கு முதல்லன்னு. அவர் எழுதிக் குடுக்க வேண்டியது 5 வரிதான்:

"எங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் திரு. ___ உருவாக்கிய மேற்படி ப்ளகினில் எங்களுக்குப் பதிப்புரிமை ஏதேனும் இருப்பின், அதை ரூ. ___ பெற்றுக்கொண்டு அவருக்கே உரிமை மாற்றம் செய்கிறோம். இது உலகம் முழுவதற்கும் பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் பொருந்தும். ஓராண்டுக்குள் அவர் பயன்படுத்தாவிட்டாலும் இவ்வுரிமை மாற்றம் காலாவதி ஆகாது. அவர் தம் பெயரில் ஜிபிஎல் இரண்டாம் அல்லது பிந்தைய பதிப்பின்கீழ் வெளியிட ஆட்சேபனை இல்லை. எங்கள் அலுவலகம் இதைத் தொடர்ந்து கட்டணமின்றிப் பயன்படுத்தும்."

"உலகம் முழுவதற்கும்", "காலம் முழுமைக்கும்"கற வார்த்தைய யாராவது அலங்காரம்னு வெட்டுனா விடாதீங்க. காலம் எழுதலன்னா சட்டம் 5 வருஷம்னு எடுத்துக்கும், இடம் எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கும், அப்ப பிரேசில்ல ஒருத்தர் டவுன்லோட் பண்ணா அது உங்க உரிமைல வராது. வெறும் "ஆட்சேபனை இல்லை"ன்னு ஒரு வரி என்ஓசியை லெட்டர்பேடுல வாங்கிட்டு வந்து பின்னாடி முழிச்சவங்களைப் பாத்திருக்கேன்.

ரெண்டாவது வழி, கம்பெனி பேர்லயே ஜிபிஎல்ல வெளியிடறது, எழுதுனவர்னு உங்க பேரு. கம்பெனிக்கு விளம்பரம், உங்களுக்கு அடையாளம். பதிப்புரிமை யார்கிட்ட போனாலும் நான்தான் எழுதுனேன்னு சொல்லிக்கற உரிமை எழுதுனவருக்கு 57-ம் பிரிவுல தனியா இருக்கு. கெத்து கொஞ்சம் குறையும், சண்டை இல்ல. வெளிய வந்தப்பறம் ஜிபிஎல்ங்கறதால நீங்க அதை எடுத்து மேல மேல வளக்கலாம், அதை யாரும் நிறுத்த முடியாது.

மூணாவது, ரெண்டும் ஒத்து வரலன்னா வேலைய விட்டு வந்து முதல்ல இருந்து புதுசா எழுதறது. பழைய ஃபைலைத் திறக்காம. கருத்துக்கு பதிப்புரிமை கிடையாது, எழுதுன வடிவத்துக்குத்தான்னு 1978-லயே சுப்ரீம் கோர்ட் ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல சொல்லிருச்சு. ஜி லைன் போட்டு ரெண்டு பக்கமும் தள்ளு அளவு எடுக்கறது உங்க முதலாளி கண்டுபிடிச்சதா என்ன? எங்க அப்பா சர்வேயரா இருந்தவர், லீவு நாள்ல அவர் கூடப் போய் சங்கிலியோட ஒரு முனையைப் பிடிச்சுட்டு வெயில்ல நின்னுருக்கேன், 66 அடிச் சங்கிலி, 100 லிங்க், வெள்ளைக்காரன் காலத்துல இருந்து நடக்கறது. எட்டு மாசம் எடுத்தது கத்துக்கிட்டே எழுதுனதால, இப்ப எழுதுனா ரெண்டு மாசத்துல முடிச்சிருவீங்கன்னு அக்கா மகன் சொல்றான், அதுவும் இந்தத் தடவை பழைய பைக்யூட்டி5-ஐ நேராக் கூப்பிடாம க்யூஜிஐஎஸ் வழியாக் கூப்பிடற மாதிரி எழுதச் சொல்லுங்க சித்தி, க்யூட்டி6க்கு மாறும்போது உடையாதுன்னான். நான் சொல்லிட்டேன், அர்த்தம் உங்களுக்குத் தெரியும்.

அளவு தப்பாப் போனா

ஜிபிஎல்லயே உத்தரவாதம் எதுவும் இல்லைன்னு தனிப் பத்தி இருக்கு, நுகர்வோர் சட்டத்துலயும் இலவசமாக் குடுக்கற சேவை வராது. அந்த வகைல பயம் குறைவு. காசு வாங்கிட்டு ஒருத்தருக்குனு மாத்திக் குடுத்தா, ட்ரெய்னிங் குடுத்தா, பில் போட்டா, அப்ப கதை வேற, அங்க என்ன செய்வேன் என்ன செய்ய மாட்டேன்னு எழுதிக்கணும்.

நீங்க சொன்ன உசிலம்பட்டி கதை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கோட்ல யூடிஎம்ங்கற வரைபட முறைல 44-ம் மண்டலம்னு நிலையா எழுதி வச்சிருந்தீங்க, மதுரை டவுனுக்கு அது சரி, ஆனா 78 பாகை தீர்க்கக் கோடு மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவுல ஓடுது, அதுக்கு மேக்க எல்லாம் 43. உசிலம்பட்டி ஃபைலு 43-ல வந்தது, ப்ளகின் அதை 44-னு படிச்சு, யாரோ ஒருத்தரோட புஞ்சைய இலங்கையத் தாண்டி வங்காள விரிகுடால கொண்டுபோய் வச்சிருச்சு. சிரிச்சுட்டேன். ஆனா தம்பி, அந்தத் தப்பு நல்ல தப்பு, கண்ணுக்குத் தெரியும், யாரும் கடல்ல பத்திரம் பதிய மாட்டாங்க.

எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாத தப்புதான். பழைய படம் லிங்க்ல இருக்கும், ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்குச் சொச்சம், புதுசு மீட்டர்ல இருக்கும். பட்டால 0-05.00-னு இருக்கறது 5 ஏர்ஸ், 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. அதை உங்க ப்ளகின் அரை ஹெக்டேர்னு படிச்சா ஒண்ணேகால் ஏக்கர் கிட்ட வந்துரும். அந்தப் பிரின்ட்அவுட்டை ஒருத்தர் பஞ்சாயத்துல எடுத்து நீட்டுவார், அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வரைக்கும் போகும். சிவில் கோர்ட்ல எல்லைத் தகராறு வந்தா நாங்க உத்தரவு 26 விதி 9-ல வக்கீல் கமிஷனர் கேட்டு வாங்கி, தாலுகா சர்வேயரோட போய் அளக்கறோம், அந்த அளவுக்குத்தான் மதிப்பு. அதனால பரப்பு காட்டற அதே ஜன்னல்ல, தமிழ்ல, இது வரைவுக்கு மட்டும், அரசு நில அளவைக்கு மாற்று இல்லன்னு போடுங்க. ஹெல்ப் பக்கத்துல இல்ல, அந்த ஜன்னல்லயே.

சாம்பிள் டேட்டாவா ஆபீஸ் புலப்படத்தை உள்ள வச்சு அனுப்பிறாதீங்க. அது கிளையன்ட் சொத்து, அதுல ஆள் பேரும் சர்வே நம்பரும் இருக்கு. கற்பனையா நாலு எண்ணைப் போட்டு ஒரு புலம் பண்ணுங்க. ப்ளகின் விவரம் இருக்கற மெட்டாடேட்டா ஃபைல்ல இப்ப ஆபீஸ் மெயில் ஐடிய குடுத்து வச்சிருக்கீங்க, ஜிப்பைப் பிரிச்சா யாரும் பாக்கலாம், உரிமை தீந்ததும் முதல் வேலையா அதை மாத்துங்க. மத்தபடி க்யூஜிஐஎஸ் லிஸ்ட்ல சேக்க ஓஎஸ்ஜியோ ஐடி (உள்ள நுழையற லாகின்), லைசென்ஸ் ஃபைல், சோர்ஸ் இருக்கற லிங்க், குறை சொல்ற லிங்க், இதெல்லாம் கேப்பாங்க, கம்பைல் பண்ண பைனரி உள்ள இருக்கக் கூடாது, அவங்க ஆள் பாத்து ஒப்புதல் குடுத்தப்பறம்தான் லிஸ்ட்ல வரும். முதல் வெர்ஷனை எக்ஸ்பெரிமென்டல்னு டிக் அடிச்சே போடுங்க, வெக்கம் ஒண்ணும் இல்ல.

அந்த ரெண்டு வருஷ கண்டிஷனும் ரிலீவிங் லெட்டரும்

ஆர்டர்ல, வேலைய விட்டப்பறம் 2 வருஷத்துக்கு மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டத்துல இதே தொழில் பண்ணக் கூடாதுன்னு இருக்குன்னீங்க. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27, தொழில் செய்யத் தடை போடற ஒப்பந்தம் செல்லாது. வேலை முடிஞ்சப்பறமும் தொடர்ற தடையை 1980-லயே சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. ஆனா வேலைல இருக்கற வரைக்கும் அந்தத் தடை செல்லும், அதனால இப்பவே சைடுல கிளையன்ட் பிடிக்காதீங்க. கிளையன்ட் லிஸ்ட்டை பென்டிரைவ்ல எடுத்துட்டு வர்றதும் கூடாது, நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நம்பறேன், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ரிலீவிங் லெட்டருக்கு ரொம்பப் பயப்படறீங்க. விடறதுன்னு முடிவு பண்ணா ராஜினாமாவை மெயில்லயும், சேந்ததுக்கான ஆதாரத்தோட ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க, ஆர்டர்ல சொன்ன நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பாருங்க, கடைசி நாள் ஆபீஸ் பொருள், சாவி, ஐடி கார்டு குடுத்ததுக்கு கையெழுத்து வாங்குங்க. 4 வருஷம் அங்க இருந்தீங்கங்கறதுக்கு சம்பள பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பிஎஃப் கணக்கும் இருக்கு. அதுக்கப்புறமும் லெட்டர் குடுக்கலன்னா ஒரு வக்கீல் நோட்டீஸ்லயே முக்கால்வாசி பேரு குடுத்துருவாங்க.

அவர் பக்கம் இருந்து நோட்டீஸ் வந்தா வாங்க மறுக்காதீங்க, மறுத்தாலும் சேந்த மாதிரிதான் கணக்கு. கவரோட எடுத்து வைங்க, வந்த தேதியைக் கவர்லயே எழுதுங்க, வாட்ஸ்அப்ல பதில் போடாதீங்க. அடிப்படை இல்லாம பதிப்புரிமை மிரட்டல் விட்டுட்டே இருந்தா நாமளே கோர்ட்டுக்குப் போக 60-ம் பிரிவு வழி விடுது, ஆனா அந்த அளவுக்குப் போகாதுன்னுதான் நினைக்கிறேன். பேசப் போற அன்னைக்கு அந்தக் கோட் ஃபைலோட முதல் பக்கத்தை மட்டும் ஒரு பிரின்ட் எடுத்து பையில வச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் வெளிய எடுக்க வேண்டிய அவசியம் வராம இருந்தா இன்னும் நல்லது.